எமிலியா சாலையில் ஆறு நாள் சாப்பாடு: போலோஞா முதல் ரிமினி வரை

முதல் நாள்: போலோஞா

வட இத்தாலியில் பியாச்சென்சாவிலிருந்து ரிமினி வரை கோடு கிழித்த மாதிரி ஒரு சாலை ஓடுகிறது. கி.மு. 187இல் ரோமானியக் கான்சல் மார்க்குஸ் எமிலியுஸ் லெப்பிதுஸ் போட்ட சாலை. இந்த வட்டாரத்துக்கு எமிலியா என்ற பெயர் வந்ததும் அவரால்தான். ரயில் பாதையும் அதை ஒட்டியே போகிறது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா, போலோஞா, ரிமினி எல்லாம் அந்த ஒரே கோட்டில் வருவதால், போலோஞாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டால் போதும். காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம். மோதெனா அரை மணி நேரத்துக்குள், பார்மா ஏறக்குறைய ஒரு மணி நேரம். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான்.

இங்கே நன்றாகச் சாப்பிட உணவகத்தின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதை விட இரண்டு விஷயம் முக்கியம்: எந்த மணிக்குப் போகிறோம், வாங்கும் பொருளில் என்ன முத்திரை இருக்கிறது.

மணியிலிருந்து தொடங்குவோம். அடுப்பு எரிவது மதியம் 12.30 முதல் 2.30 வரை, பிறகு இரவு 7.30க்கு மேல். மூன்றரை மணிக்குப் பசியோடு வந்தால் நல்ல கடை எதுவும் திறந்திருக்காது. அந்த நேரத்தில் சதுக்கத்தை ஒட்டி, படம் போட்ட மெனுவை வாசலில் வைத்துக் கூப்பிடும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். அங்கே சாப்பிட்டுவிட்டு 'இத்தாலியச் சாப்பாடு இவ்வளவுதானா' என்று கேட்கக் கூடாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் நல்ல சிறு கடைகள் விடுமுறைக்கு மூடிக்கிடக்கும். சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம்.

பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு 2 முதல் 4 யூரோ சேர்ந்திருக்கும். அது ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், ஏமாற்று வேலை இல்லை. காப்பியைக் கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

மாலைக்கு உகந்த இடம் குவாத்ரிலாத்தெரோ. மாஜ்ஜோரே சதுக்கத்துக்குக் கிழக்கே பழைய சந்தைத் தெருக்கள். ஹாம், சீஸ், மீன், பழம், கையால் செய்த பாஸ்தா என்று வரிசையாகக் கடைகள். இங்கே வாங்க வேண்டியது மோர்த்தாதெல்லா. பன்றி இறைச்சியை மைய அரைத்து, பன்றியின் கழுத்துப் பகுதிக் கொழுப்பைச் சிறு கட்டிகளாகக் கலந்து, பெரிய உருளையாக அடைத்து, வறண்ட வெப்பத்தில் மணிக்கணக்கில் வேகவைத்தது. வெந்தது என்பதால், வேகவைக்காமல் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான பச்சை ஹாமைச் சாப்பிடத் தயங்குகிறவர்களும் இதிலிருந்து தொடங்கலாம். சிலவற்றில் பிஸ்தா இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கும் அளவு 'எத்தோ', அதாவது 100 கிராம். இருவருக்கு 'உன் எத்தோ' தாராளம். கண்ணெதிரே இயந்திரத்தில் சீவித் தரச் சொல்லுங்கள், காகிதம் மாதிரி மெலிசாக. சீவிய மோர்த்தாதெல்லாவின் மணம் சீக்கிரமே போய்விடும். பாக்கெட்டில் அடைத்து வைத்ததில் உப்பும் கொழுப்பும்தான் மிஞ்சியிருக்கும்.

வாங்கிய பொட்டலத்தோடும் ரொட்டியோடும் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஓஸ்தெரியா தெல் சோலேவுக்குப் போகலாம். 1465 முதல் நடக்கும் மதுக்கடை. அங்கே சாப்பாடு விற்பதில்லை. குடிக்க ஏதாவது வாங்கினால் போதும், சாப்பாட்டை நாமே கொண்டுபோய் மேசையில் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: போலோஞா, பாஸ்தா

'ஸ்பெகெட்டி போலோஞீஸ்' உலகம் முழுக்கக் கிடைக்கிறது. போலோஞாவில் அதைத் தேடக் கூடாது. இந்த ஊரின் இறைச்சிக் குழம்பான ராகூ, தாலியாத்தெல்லே என்ற முட்டைப் பாஸ்தாவோடுதான் வரும். காரணம் சமையல் சார்ந்தது. காய்ந்த ஸ்பெகெட்டி உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் கைமா அதில் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். தாலியாத்தெல்லே 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பிசைந்து, மரப்பலகையில் நீண்ட மரக்குழவியால் தேய்த்தது. மரத்தின் சொரசொரப்பு மாவில் ஏறியிருப்பதால் குழம்பு அதைப் பற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும்.

அகலத்துக்கும் சட்டம் உண்டு. வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். 1972இல் போலோஞா வணிகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். ஊரின் நடுவில் நிற்கும் 97 மீட்டர் அசிநெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கும் சொல்வார்கள். ராகூவின் செய்முறை 1982இல் பதிவானது, 2023இல் திருத்தப்பட்டது. திருத்திய செய்முறையில் 400 கிராம் கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சிக்கு 150 கிராம் பான்செத்தா, அதாவது புகையில் வாட்டாத பன்றி வயிற்றிறைச்சி. கூடவே வெங்காயம், கேரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி. பால் விருப்பம்போல். சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம். பூண்டு கிடையாது. தட்டில் வருவது செம்பழுப்பாக, குழம்பை விடப் பிரட்டலுக்கு நெருக்கமாக இருக்கும். சிவக்கச் சிவக்கத் தக்காளி மிதந்தால் அது வேறு ஊர்ச் சமையல்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: ராகூவில் மாடும் பன்றியும் சேர்ந்தே இருக்கும். லசாஞ்ஞே கேட்டாலும் அதே ராகூதான், கீரை கலந்த பச்சைத் தகடுகளுக்கு நடுவில்.

சைவக்காரர்கள் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் ஓர் எழுத்து மாறினால் தட்டு மாறிவிடும். தோர்தெல்லினி என்றால் விரல் நுனி அளவுக்குச் சிறியது, உள்ளே பன்றி இறைச்சி, ஹாம், மோர்த்தாதெல்லா, சீஸ், ஜாதிக்காய். வருவதும் இறைச்சி வேகவைத்த தெளிந்த சாற்றில். தோர்தெல்லோனி என்றால் பெரியது, பெரும்பாலும் உள்ளே ரிக்கோத்தா சீஸ், மேலே உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும். சைவருக்கு உரியது இரண்டாவது. பெரும்பாலான கைப்பாஸ்தாவில் முட்டை உண்டு. முட்டையும் வேண்டாம் என்றால் காய்ந்த பாஸ்தா கேட்க வேண்டும்.

'நான் வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு வராது, அவ்வளவுதான். ஸ்த்ருத்தோ இருக்கிறதா (பன்றிக் கொழுப்பு), ப்ரோதோ இருக்கிறதா (இறைச்சிச் சாறு) என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். கேட்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை, உள்ளே போய்ச் சமையல்காரரிடம் விசாரித்து வந்து சொல்வார்கள்.

மூன்றாம் நாள்: பார்மிஜானோ ஆலை

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்யும் ஆலைகள் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள் முழுக்க இருக்கின்றன. போலோஞாவில் ரேனோ ஆற்றுக்கு மேற்கேயும் மாந்துவாவில் போ ஆற்றுக்குத் தெற்கேயும் கொஞ்சம் உண்டு. இந்த எல்லைக்கு வெளியே செய்தால் இந்தப் பெயர் வைக்க முடியாது. பார்க்க முன்பதிவு அவசியம். காலை 8 மணியை ஒட்டி ஆலைக்குள் இருக்க வேண்டும். 10 மணிக்கு மேல் போனால் தரை கழுவுவதைத்தான் பார்க்கலாம். ஆலைகள் கிராமத்தில் இருப்பதால் அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. வாடகைக் கார், அல்லது மோதெனாவிலிருந்தோ பார்மாவிலிருந்தோ டாக்சி.

முந்தைய மாலை கறந்த பாலை இரவு முழுக்க அகலமான தொட்டிகளில் வைத்து, காலையில் மேலே திரண்ட ஆடையை விலக்கியிருப்பார்கள். அதோடு காலையில் கறந்த முழுப்பால் சேரும். இரண்டும் போவது தலைகீழ் மணி வடிவத்தில், 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் செம்புக் கொப்பரைக்கு. செம்பு என்பதால் சூடு சீராகப் பரவும். முந்தைய நாள் சீஸ் எடுத்தபின் மிஞ்சிய புளித்த தெளிநீர் உறையாகச் சேரும், அடுத்து பாலைத் திரையவைக்கும் ரென்னெட். சில நிமிடங்களில் பால் திரைந்து கட்டியாகும். கூண்டு மாதிரி கம்பிகள் கொண்ட 'ஸ்பீனோ'வால் அதை அரிசிமணி அளவுக்கு உடைக்கிறார்கள். மணி பெரிதாக இருந்தால் உள்ளே நீர் தங்கும், நீர் தங்கிய சீஸ் இரண்டு வருடம் தாங்காது. பிறகு 55 டிகிரி வரை சூடேற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே விடுகிறார்கள். மணிகள் அடியில் படிந்து ஒரே திரளாகும். மரத் துடுப்பால் அதைத் தூக்கி, துணியில் கட்டி, கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரம், எனவே 'இரட்டையர்' என்று பெயர். பார்க்க வேண்டிய தருணம் இதுதான். தாமதமாகப் போகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய 14 லிட்டர் பால், ஒரு சக்கரம் 40 கிலோ அளவில். அச்சில் வைக்கும்போதே விளிம்பைச் சுற்றிப் புள்ளி எழுத்தில் பெயரும், ஆலை எண்ணும், மாதமும் வருடமும் பதிந்துவிடும். பிறகு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உப்புத் தண்ணீரில் மிதந்து, பலகை அடுக்குகளுக்குப் போகும். குறைந்தது 12 மாதம். அப்போது பரிசோதகர் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி ஓசை கேட்பார். உள்ளே விரிசலோ காற்றுப் பொந்தோ இருந்தால் ஓசை மாறும். தேறியதற்கு நெருப்பு முத்திரை. இரண்டாம் தரம் என்றால் விளிம்பைச் சுற்றிக் கோடு கீறிவிடுவார்கள். தேறாததில் புள்ளி எழுத்தையே சுரண்டி அழித்துவிடுவார்கள்.

பசுவுக்குப் பதப்படுத்திய ஈரத் தீவனமான சைலேஜ் கொடுக்கத் தடை. அதில் வரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் பால் வழியாகச் சீஸுக்குள் போய், மாதங்கள் கழித்து வாயு உண்டாக்கிச் சக்கரத்தை உப்பவைத்து வெடிக்கவிடும். பக்கத்து வட்டாரத்துக் கிரானா பதானோ சீஸுக்குச் சைலேஜ் அனுமதி உண்டு. அதனால் அங்கே அந்த நுண்ணுயிரைத் தடுக்க, முட்டை வெள்ளையிலிருந்து எடுக்கும் லைசோசைம் சேர்க்கிறார்கள். பார்மிஜானோவில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை.

சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். இந்த ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. விதிப்படி வேறு வகை பயன்படுத்த முடியாது. 'சைவப் பார்மிஜானோ' என்று ஒன்று கிடையாது. இதை ஏற்காதவர்கள் பாஸ்தா சொல்லும்போதே 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' (சீஸ் வேண்டாம்) என்று சொல்ல வேண்டும். நேற்றைய தோர்தெல்லோனியின் உள்ளேயும் இது கலந்திருக்கும்.

வாங்கும்போது வயதைக் கேளுங்கள். 12 முதல் 18 மாதம் வரை பால் மணம், மென்மை. 24 மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும், பல்லில் வெள்ளைத் துகள் நறநறக்கும். அது உப்பு இல்லை, புரதம் உடைந்து உண்டாகும் டைரோசின் படிகம். 36க்கு மேல் காரசாரமாக, காய்ந்து இருக்கும். அப்படியே சாப்பிட 24, ஒயினோடு 36. முதல் தடவை வாங்குகிறவர்கள் 36க்குப் பாயத் தேவையில்லை. கத்தியால் துண்டு போடாமல், பாதாம் வடிவக் குட்டைக் கத்தியைக் குத்தி நெம்பி உடைக்க வேண்டும். அப்போதுதான் மணிமணியான அமைப்பு கெடாது. மேல்தோலில் மெழுகு கிடையாது, அதைச் சுரண்டிக் கழுவி சூப்பில் போடலாம்.

நான்காம் நாள்: மோதெனா

காலையில் அல்பிநெல்லி சந்தை. 1931இல் கட்டிய இரும்புக் கூரைச் சந்தை. காலையில் போவது நல்லது.

மோதெனாவில் 'பால்சாமிக் வினிகர்' என்ற பெயரில் இரண்டு முற்றிலும் வேறான பொருட்கள் விற்கின்றன. இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. முதலாவது 'ஐ.ஜி.பி.' (ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு) முத்திரை போட்டது. திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, மரத்தொட்டியில் குறைந்தது 60 நாள். நிறத்துக்காகக் கேரமல் 2 சதவீதம் வரை சேர்க்கலாம். எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பது இது. சாலட்டுக்கு ஏற்றது, பயன்படுத்தத் தயக்கம் வேண்டாம்.

இரண்டாவது 'திரதித்ஸியோனாலே' (பாரம்பரியம்) என்று பெயரில் சேர்ந்த 'டி.ஓ.பி.' (ஐ.ஜி.பி.யை விடக் கடுமையான புவிசார் குறியீடு) வினிகர். காய்ச்சி வற்றவைத்த திராட்சைச் சாறு மட்டும், வேறெதுவும் இல்லை. பரண் அறைகளில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகப் பீப்பாய்கள், ஓக், செஸ்நட், செர்ரி, முசுக்கட்டை, ஜூனிப்பர் என்று மரம் மாறிமாறி. கோடை வெயிலில் பரண் கொதிக்க நீர் ஆவியாகும், குளிரில் அடங்கும். அதனால்தான் நிலவறையில் வைக்காமல் பரணில் வைக்கிறார்கள். வருடம் ஒருமுறை கடைசிச் சிறு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை அதற்கு முந்தையதிலிருந்து நிரப்பி, அப்படியே பின்னோக்கிப் போய், பெரிய பீப்பாயில் புதுச் சாறு ஊற்றுவார்கள். குறைந்தது 12 வருடம். 25 தாண்டினால் 'எக்ஸ்த்ராவெக்கியோ', தங்க நிற மூடி.

அடையாளம் எளிது. மோதெனாவின் டி.ஓ.பி. எப்போதும் அடி சதுரமாக, மேலே உருண்ட 100 மில்லி குப்பியில்தான் வரும். வடிவமைத்தவர் கார் வடிவமைப்பாளர் ஜுஜ்ஜாரோ. 250 மில்லி குப்பியில் 'பாரம்பரியம்' என்று எழுதி 15 யூரோவுக்குத் தந்தால் அது இது இல்லை. 12 வருடக் குப்பி பெரும்பாலும் 40 யூரோவுக்கு மேல்தான். இதைச் சாலட்டில் ஊற்றுவதும் அடுப்பில் வைப்பதும் காசைக் கொளுத்துவது. பார்மிஜானோ துண்டின் மேல், ஸ்ட்ராபெரியின் மேல், வெனிலா ஐஸ்கிரீமின் மேல் சில சொட்டுப் போதும். நகராட்சிக் கட்டடத்தின் பரணிலேயே ஒரு பீப்பாய் வரிசை இருக்கிறது. சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.

மதியத்துக்கு ஞோக்கோ ஃபிரித்தோ. மைதா மாவில் ஈஸ்டும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, தேய்த்து, சாய்சதுரமாக வெட்டி, பன்றிக் கொழுப்பிலேயே பொரித்தது. பூரி மாதிரி உப்பும், பூரி மாதிரியே ஆறினால் தோலாகிவிடும். எனவே நாலு பேருக்கும் மொத்தமாக ஒரே தடவையில் சொல்லாமல் பாதி பாதியாகச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போதே மேலே ஹாம் வைத்தால் கொழுப்பு உருகி ஊறும். கூடவே குளிர்ந்த லாம்ப்ருஸ்கோ, நுரைக்கும் சிவப்பு ஒயின். இனிப்பில்லாத 'செக்கோ' கேளுங்கள், கொழுப்பை வெட்டுவதற்காகத்தான் அது மேசைக்கு வருகிறது.

இதே பண்டத்துக்குப் பார்மாவில் தோர்த்தா ஃபிரித்தா என்று பெயர், போலோஞாவில் கிரெஷெந்தீனா. மோதெனாவிலோ கிரெஷெந்தீனா என்றால் அச்சில் சுட்ட சிறு வட்ட ரொட்டி, வெளியூரில் திஜெல்லே என்பார்கள். அதோடு ஒரு கிண்ணத்தில் 'பெஸ்தோ' வரும். பச்சை நிறத் துளசிப் பெஸ்தோ இல்லை. பூண்டும் ரோஸ்மேரியும் அரைத்துச் சேர்த்த வெள்ளைப் பன்றிக் கொழுப்பு. சைவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் கிண்ணம் இது.

ஐந்தாம் நாள்: பார்மா, லாங்கிரானோ

பார்மாவிலிருந்து தெற்கே மலையடிவாரத்தில் லாங்கிரானோ, பேருந்து உண்டு. ஊர் முழுக்க நீண்ட ஒடுங்கிய ஜன்னல்கள் கொண்ட கட்டடங்கள், உள்ளே ஆயிரக்கணக்கில் பன்றித் தொடைகள். பார்மா ஹாமில் தொடையும் கடல் உப்பும் தவிர எதுவும் இல்லை, நைட்ரைட் போன்ற பாதுகாப்புப் பொருளும் கிடையாது. தோல் பக்கம் ஈர உப்பு, சதைப் பக்கம் காய்ந்த உப்பு. மாதங்கள் கழித்து, தோல் மூடாத சதையில் பன்றிக் கொழுப்பும் அரிசி மாவும் குழைத்துப் பூசுவார்கள். இல்லாவிட்டால் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து ஓடாகி, உள்ளே ஈரம் அடைபட்டு அழுகும். கடைசியில் குதிரை எலும்பில் செய்த ஊசியைச் சில இடங்களில் குத்தி எடுத்து மோந்து பார்ப்பார்கள். எலும்பு மணத்தைச் சட்டென்று பிடித்துச் சட்டென்று விடும் என்பதால் அடுத்த தொடைக்கும் அதே ஊசி போதும். தேறினால் ஐந்து முனைக் கிரீட முத்திரை. குறைந்தபட்சக் காலம் இப்போது 14 மாதம். 24 மாதம் கேட்டு வாங்கினால் உப்பு அடங்கி இனிப்பு தூக்கலாக இருக்கும். வெள்ளைக் கொழுப்பை ஒதுக்கிவிட்டுச் சிவப்பை மட்டும் சாப்பிடாதீர்கள், சுவை பாதி கொழுப்பில்தான்.

இன்னும் உசத்தியானது குலத்தெல்லோ தி சிபெல்லோ. தொடையின் பின்சதையை மட்டும் எடுத்து, பன்றியின் மூத்திரப்பையில் அடைத்துக் கயிறு கட்டி, போ ஆற்றங்கரையின் மூடுபனி நிலவறைகளில் முதிரவிடுவது. லாங்கிரானோவில் மலைக்காற்று, இங்கே ஈரம். விலையும் அதற்கேற்ப ஏறும். 50 கிராம் வாங்கி இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஹாம் வேண்டாதவர்களுக்குப் பார்மாவில் தோர்தெல்லி தெர்பெத்தா. கீரையும் ரிக்கோத்தாவும் அடைத்து, வெண்ணெயிலும் சீஸிலும் முக்கி எடுப்பது. ஜூன் 23 இரவு ஊரே வெளியில் மேசை போட்டு இதைச் சாப்பிடும்.

ஆறாம் நாள்: ரிமினி, மூட்டை கட்டல்

கடலோரத்தில் வரிவரியாய் வண்ணம் பூசிய சிறு கடைகளில் பியதீனா என்ற தட்டை ரொட்டி. மாவு, உப்பு, தண்ணீர், கொழுப்பு. 2014இல் இதற்கும் ஐ.ஜி.பி. கிடைத்தது. ரிமினி வகை 3 மில்லிமீட்டர் தடிமனுக்குள், 23 முதல் 30 சென்டிமீட்டர் அகலம். மற்ற ஊர்களில் சிறியது, தடிமனானது. கொழுப்பு பன்றியுடையதாகவும் இருக்கலாம், ஆலிவ் எண்ணெயாகவும் இருக்கலாம். பல கடைகளில் இரண்டும் உண்டு, 'கோன் ஓலியோ' கேட்டால் எண்ணெயில் செய்தது. உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்ற கூழ்போன்ற சீஸும் ரூக்கோலா கீரையும் நல்ல ஜோடி. கல்லிலிருந்து எடுத்ததும் சாப்பிட வேண்டும், ஆறினால் மடிக்கும் இடத்தில் உடையும்.

ஊருக்கு எடுத்துப்போக: 100 மில்லி வினிகர் குப்பி விமானக் கைப்பையின் திரவ அளவுக்குள் சரியாக அடங்கும். சீஸை வெற்றிடப் பையில் அடைத்துத் தரக் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் செய்வார்கள். பாரிஸிலோ ஜெர்மனியிலோ இருப்பவர்கள் ஹாமும் சீஸும் தாராளமாக எடுத்துப்போகலாம். லண்டன்காரர்களுக்கு அது முடியாது: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பயணிகள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவருவதற்கு 2025 ஏப்ரலில் பிரிட்டன் தடை போட்டது, புறப்படும் முன் அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். இந்தியச் சுங்கப் படிவத்திலும் இறைச்சி, பால் பொருட்கள் பற்றித் தனிக் கேள்வி உண்டு, அறிவிக்காமல் போகக் கூடாது. வழியில் வெற்றிடப் பைக்குள் சீஸ் எண்ணெய் கசிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பையைப் பிரித்து, துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றி, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் சரியாகிவிடும்.